அடிவயிற்று வலிக்கு எந்த ஓ.பி.?

சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1885-ல் அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். வக்கீல் ஒருவரின் மனைவியாக இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே வைத்தியம் இல்லாமல் உள்ளறையில் செத்துப்போன பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே காலெடுத்து வைத்த முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டனில் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்கென்றே ஆஸ்பத்திரி திறந்தார்.

அதற்குப் பிறகான 140 ஆண்டுகளில் தமிழ்நாடு பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இதன் அருமை எனக்குத் தெரியும். பிரசவத்தில் பெண்களைப் பறிகொடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆனால் வயிற்றில் பிள்ளை இல்லாமல், பிள்ளை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கேட்காமல், “ஒரு வருஷமா அடிவயிறு வலிக்குதுங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒருத்தி ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றால், அவளை எந்த அறைக்கு அனுப்புவது? ஷார்லீப் காலத்தில் இதற்குப் பதில் இல்லாததில் வியப்பில்லை. இன்றும் இல்லை என்பதுதான் என்னை எழுத வைக்கிறது.

மாதவிலக்கு நாட்களோடு நின்றுவிடாமல், தொப்புளுக்குக் கீழே ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டோ விடாமலோ இருக்கிற வலியை மருத்துவர்கள் நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்கிறார்கள். பிரிட்டனில் ஆறு பெண்களில் ஒருவருக்கு இது இருப்பதாக அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி சொல்கிறது. அங்கே ஆஸ்துமாவுக்காகவும் முதுகுவலிக்காகவும் குடும்ப டாக்டரிடம் எத்தனை பெண்கள் போகிறார்களோ, ஏறக்குறைய அத்தனை பேர் இதற்காகவும் போகிறார்கள். நம் ஊரில் ஆஸ்துமாவுக்கு நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. முதுகுக்கு எலும்பு மருத்துவர் இருக்கிறார். இந்த வலிக்கு யார்?

அந்தக் காலத்தில் வீடுதான். ஓமத்தண்ணீர், மோரில் ஊறப்போட்ட வெந்தயம், பெருங்காயத்தைப் பொரித்துக் கருப்பட்டியில் உருட்டிக் கொடுப்பது, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது. சூடு பட்டால் இறுகிய தசை தளரும் என்பது இன்றைய மருத்துவர்களும் சொல்வதுதான். பாட்டிகள் கொடுத்த ஒத்தடத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கெடுதல் செய்தது ஒத்தடத்தோடு சேர்த்துச் சொன்ன ஆறுதல். வயசுக்கு வந்தவளிடம் “கல்யாணம் ஆனா சரியாயிடும்.” கல்யாணம் ஆனவளிடம் “ஒண்ணு பொறந்தா சரியாயிடும்.” பெற்றவளிடம் “விலக்கு நின்னா எல்லாம் போயிடும்.” 13 வயதில் தொடங்கிய வலியோடு 48 வயது வரை ஒருத்தி இப்படியே காத்திருக்கலாம். காத்திருந்தார்கள்.

மருத்துவத்துக்கும் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. 1872-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர், வலிக்கும் ‘நரம்புக் கோளாறுக்கும்’ நோயற்ற சினைப்பைகளையே வெட்டியெடுக்கத் தொடங்கினார். அந்த அறுவை அவர் பெயரிலேயே பரவி, பல பெண்களின் உயிரைக் குடித்தது. கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் விரிவாக எழுதியது 1920-களில்தான். விலக்கு ரத்தம் கொஞ்சம் பின்னோக்கிக் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போகிறது, அதில் வரும் திசு அங்கேயே வேர் பிடிக்கிறது என்றார் அவர். நோய் முழுவதையும் அது விளக்கிவிடவில்லை என்றாலும் இன்றும் அதிகம் பேசப்படுகிற விளக்கம் அதுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வயிற்றைக் கீறித் திறக்க வேண்டும். மாசக்கணக்கில் வலிக்கிறது என்பதற்காக அன்றைக்கு யார் வயிற்றைத் திறப்பார்கள்? கருக்குழாயைத் தாக்கும் காசநோயும் நம் நாட்டில் இந்த வலிக்கு ஒரு முக்கியக் காரணம். பிள்ளை இல்லை என்று பரிசோதிக்கப் போன இடத்தில்தான் பல பெண்களுக்கு அது தெரியவந்தது. வலிக்காகப் போனபோது தெரியவில்லை.

திறக்காமல் பார்க்கும் கருவியும் வந்தது. லேப்ராஸ்கோப். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, குழாய் வழியாகக் கருப்பை, சினைப்பை, கருக்குழாய் மூன்றையும் நேரில் பார்த்துவிடலாம். பிரான்ஸில் ராவுல் பால்மர் 1940-களிலேயே இதைப் பெண்களின் நோய்களைக் கண்டறியப் பயன்படுத்தினார். நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு அது பெருமளவில் வந்தது 1980-களின் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில், கருக்குழாயில் வளையம் போட. 1952-ல் உலகத்திலேயே முதலாவதாக அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாடு இது. மேலிடத்திலிருந்து இலக்கு வரும், முகாம் நடக்கும், வரிசையாகப் பெண்களைப் படுக்க வைப்பார்கள். ஒருத்தியின் வயிற்றுக்குள் விளக்கு போய், பார்த்து, வளையம் போட்டு, வெளியே வர சில நிமிஷம். அந்த விளக்கு வெளிச்சத்தில் ஒட்டிக்கிடந்த குடலையோ, எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டியையோ பார்த்த மருத்துவர்கள் இருந்திருப்பார்கள். முகாம் பதிவேட்டில் அதை எழுத இடம் இல்லை. வலியைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கருவி கிராமத்துப் பெண்ணின் வயிற்றுக்குள்ளேயே போய், வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. 2019–21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். “ஆபரேஷன் பண்ணதுலேர்ந்துதான் இடுப்பு வலி” என்று அவர்களில் எத்தனையோ பேர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அறுவைதான் காரணமா, அதற்கு முன்பே இருந்ததா, உட்கார்ந்து கேட்டால்தானே தெரியும்?

உட்கார்ந்து கேட்டவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இருந்தார்கள். ராணி பாங், அபய் பாங் என்ற மருத்துவத் தம்பதி. இரண்டு கிராமங்களில் 650 பெண்களிடம் பேசி, அவர்களைப் பரிசோதித்து, 1989-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண் நோயாவது இருந்தது. சராசரியாக ஒருவருக்கு மூன்றுக்கும் மேல். அதற்கு முன் ஒருமுறையாவது உள்பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே. பெண்ணின் உடல்நலம் என்றால் தாய்மையும் கருத்தடையும் மட்டும்தான் என்று இருந்த எண்ணத்தை அந்தக் கட்டுரை உலக அளவில் அசைத்தது. 1994-ல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டுக்கும், இந்தியா இலக்கு முறையைக் கைவிட்டதற்கும் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகளின் பங்கு உண்டு.

ஆனால் இலக்கு போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

என் சின்னம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். குனிந்து நட்டுக்கொண்டே இருக்கும்போது திடீரென்று நிமிர்ந்து, நாற்று முடியை வரப்பில் போட்டுவிட்டு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்பார். “இடுப்பு கழண்டு விழுந்துடும் போல இருக்குடி” என்பார். 1996-ல் அவருக்கு 34 வயது. டவுன் நர்சிங் ஹோம் ஒன்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “கர்ப்பப்பை வீங்கியிருக்கு, புண்ணு இருக்கு. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, ஆபரேஷனும் ஆச்சு. இனிமே அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? விட்டா கேன்சராயிடும்” என்றார்கள். சித்தப்பா வட்டிக்கு வாங்கினார். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டை நான் பிற்பாடு படித்தபோதுதான் குடும்பத்துக்கே தெரிந்தது. விலக்கு நின்றது. வலி பாதி குறைந்தது. மீதிப் பாதி இருந்தது. 36 வயதில் ராத்திரி உடம்பெல்லாம் எரிந்து வேர்த்து எழுந்து முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். 50 ஆகும்போது வாசலில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “இவங்களுக்கு என்ன வயசு?” என்று இரண்டு தடவை கேட்டார்.

சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜன் போகும். எலும்பும் இதயமும் அதன் பாதுகாப்பை இழக்கும். இது மருத்துவக் கல்லூரியில் சொல்லித் தருகிற பாடம்தான். வலிக்காகக் கருப்பையை எடுத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், வலி முழுதாகப் போகவில்லை என்று 1990-களிலேயே அமெரிக்க ஆய்வுகள் சொல்லிவிட்டன. பலருக்குப் போனதும் உண்மை. கருப்பைத் தசைக்குள்ளேயே உள்படலத் திசு ஊடுருவும் அடினோமயோசிஸ் முற்றிவிட்டால், வேறெதுவும் கேட்காத நிலையில், எடுப்பதுதான் வழி என்றாகும். அப்படி எடுத்துக்கொண்டு நிம்மதியான பெண்களை எனக்குத் தெரியும். நான் கேட்பதெல்லாம், எடுப்பதற்கு முன்னால் வலி எங்கிருந்து வருகிறது என்று யாராவது தேடினார்களா என்பதே.

தேடாமல் எடுப்பது தனிப்பட்ட டாக்டர்களின் தவறு மட்டுமாக இருந்தால் இவ்வளவு பரவியிருக்காது. ஆந்திரத்தில் 2007-ல் ஆரோக்யஸ்ரீ காப்பீடு வந்த பிறகும், பீகாரில் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா அட்டைகள் கொடுக்கப்பட்ட பிறகும், இளம்பெண்களின் கர்ப்பப்பைகள் தேவையில்லாமல் எடுக்கப்பட்டதாகப் புகார்கள் குவிந்தன. காப்பீடு அறுவைக்குப் பணம் கொடுக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்குக் கொடுக்காது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் காரணம் வேறு. கரும்பு வெட்டப் போகிறவர்கள் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதாமாதம் வலியில் படுக்கிறவளுக்குக் கர்ப்பப்பையே கடன்சுமை ஆனது. 2019-ல் மாநில அரசு அமைத்த குழு 82,000-க்கும் அதிகமான பெண்களிடம் விசாரித்தது. அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. இந்தியா முழுவதும் பார்த்தால் 15 முதல் 49 வயதுக்குள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமாகவும், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேலும் எடுக்கப்பட்டிருக்கிறது. நரேந்திர குப்தா என்ற மருத்துவர் தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. சின்னம்மாவுக்கு நடந்தது போன்ற ஒன்றைத் தவறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் எழுத்தில் எழுத 2023 வரை ஆகியிருக்கிறது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். தாலுகா தலைநகர் வரை ஸ்கேன் சென்டர் இருக்கிறது. முன்பு எண்டோமெட்ரியோசிஸுக்குக் கொடுத்த டனசால் மாத்திரையால் முகத்தில் முடி முளைக்கும், குரல் கட்டைக்குரலாகும். இன்று டைனோஜெஸ்ட் போன்ற மருந்துகள் அந்த அவஸ்தை இல்லாமல் வலியைக் குறைக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் லேப்ராஸ்கோப் வழியாகக் கருப்பையையும் சினைப்பையையும் காப்பாற்றிக்கொண்டே நோய்த் திசுவை மட்டும் அகற்றத் தெரிந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை இன்றைக்குக் கல்லூரிப் பெண்களே சொல்கிறார்கள். இதெல்லாம் பெரிய மாற்றம்தான்.

அதோடு புதிதாக ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. அன்றைக்கு “எடுத்துடலாம்” என்றவர்கள் இன்றைக்கு ஸ்கேனைப் பார்த்துவிட்டு “நார்மல்” என்கிறார்கள். சாக்லேட் கட்டி ஸ்கேனில் தெரியும். வயிற்றின் உள்சவ்வில் புள்ளி புள்ளியாகப் படரும் எண்டோமெட்ரியோசிஸ் பெரும்பாலும் தெரியாது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் திருத்திய வழிகாட்டியில், ஸ்கேன் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டது. கல்யாணம் ஆகாத பெண் என்றால் இங்கே நிலைமை இன்னும் மோசம். உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்று வீட்டாரும் சொல்வார்கள், சென்டரிலும் தவிர்ப்பார்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் தெரிவது குறைவு. ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாலோ, “இது கர்ப்பத்தடை மாத்திரையாச்சே” என்று அம்மா பறித்து வைத்துவிடுவார். கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மெஃப்டால் ஸ்பாஸ்.

வேலைக்குப் போகிற இடத்தில் அதுகூடத் தெரிந்து போடுவதாக இருப்பதில்லை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் நூறு பெண்களிடம் பேசி, விலக்கு வலி என்றால் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மறுபடி மிஷினுக்கு அனுப்புகிறார்கள் என்று 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட செய்தியை மறக்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் சென்னைத் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றபடி வேலை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். சட்டம் வந்த பிறகு கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் வந்திருக்கிறது, கூட்டம் இருக்கும்போது உட்கார முடியாது. பாத்ரூம் மேல்மாடியில். போய்வர நேரமாகும் என்று தண்ணீரே குடிக்க மாட்டாள். “அக்கா, உக்காந்தாலும் வலிக்கு, நின்னாலும் வலிக்கு. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொல்லுதாவ. நான் பொய்யா சொல்லுதேன்?” என்று கேட்டாள். மகப்பேறு டாக்டர், வயிற்று டாக்டர், சிறுநீரக டாக்டர் என்று வரிசையாகப் பார்த்திருந்தாள். ஒவ்வொருவரும் தங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்று அடுத்தவரிடம் அனுப்பினார்கள். ஒவ்வொருவர் சொன்னதும் சரிதான். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவே.

கடைசியில் அவளுக்கு வழி கிடைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம். கூடப் போயிருந்தேன். முதல் நாள் அந்த அம்மா அவளைத் தொடவே இல்லை. எப்படி நிற்கிறாள், எத்தனை மணிக்கு ஒருமுறை சிறுநீர் போகிறாள், முக்கிப் போகிறாளா, வலி வரும்போது பல்லைக் கடிப்பாளா, மூச்சை அடக்குவாளா என்று கேட்டார். பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை தொட்டில் போல் கட்டியிருக்கும் தசையைக் காட்டினார். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். வருஷக்கணக்கில் அடக்கி அடக்கி அந்தத் தசை தளர மறந்துவிட்டது என்றார். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, விடும்போது கீழே இறுக்காமல் விடச் சொல்லிக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து, அவள் சம்மதம் கேட்ட பிறகே, கையால் தசையைத் தளர்த்தும் சிகிச்சை. வலி முழுக்கப் போகவில்லை. லீவு போடுவது நின்றது. ராத்திரி தூங்குகிறாள்.

நீண்ட நாள் வலித்தால் நரம்பும் மூளையும் வலிக்குப் பழகி, சின்னத் தொந்தரவையும் பெரிய வலியாக உணரத் தொடங்கும். புண் ஆறினாலும் வலி இருக்கும் என்பதற்கு இது ஒரு காரணம். இதைச் சொன்னால், “அப்போ மனசுலதான் இருக்கு” என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நரம்பு உடம்பில்தான் இருக்கிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், நாள்பட்ட வலியைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டு, இடுப்புக்குழி வலிக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறது.

கருவியே வேண்டாத பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. கார்னெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1926-ல் சொன்னது. மல்லாந்து படுத்திருப்பவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டே, தலையையும் தோளையும் தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை இறுகும். வலி உள்ளே இருந்தால் குறையும். வயிற்றுச் சுவரில், தழும்பில், தோலுக்கடியில் ஓடும் நரம்பில் இருந்தால் அப்படியே இருக்கும் அல்லது கூடும். அப்படிப்பட்ட வலிக்கு அந்த இடத்திலேயே மரத்துப்போகும் ஊசி போட்டால் பலருக்குக் கேட்கும். சிசேரியன் தழும்பின் ஓரத்தில் நரம்பு சிக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வலிப்பது உண்டு. தழும்புக்குள்ளேயே எண்டோமெட்ரியோசிஸ் கட்டி வளர்வதும் உண்டு. தமிழ்நாட்டில் 2019–21-ல் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 34.1. இவ்வளவு தழும்புகள் இருக்கிற மாநிலத்தில், அரை நிமிஷம் ஆகும் அந்தப் பரிசோதனையை ஒவ்வொரு ஓ.பி.யிலும் செய்ய என்ன தடை? ஒரு டாக்டருக்கு ஒரு காலையில் நூறு சீட்டு வருகிறது என்பதுதான் தடை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆஸ்திரேலியா 2018-ல் எண்டோமெட்ரியோசிஸுக்கென்று தேசியச் செயல்திட்டம் வகுத்தது. பிறகு அரசுப் பணத்தில் எல்லா மாநிலங்களிலும் எண்டோமெட்ரியோசிஸ், இடுப்பு வலி கிளினிக்குகளைத் திறந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் அல்ல, குடும்ப டாக்டர்களின் மையங்களில். நோயாளி முதலில் வந்து நிற்கும் இடத்திலேயே ஆள் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்கு அவ்வளவு பணம் வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றே படுகிறது.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2012 முதல் மாநிலம் முழுக்க 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்கிறார். திரை போட்ட அறை, மேசை, விளக்கு, பதிவேடு எல்லாம் இருக்கின்றன. உள்பரிசோதனைக்குப் பெண்கள் சம்மதிக்கிற இடம் அது. அந்தப் பதிவேட்டில் நான்கு கேள்விகளைச் சேர்த்தால் போதும்: விலக்கு இல்லாத நாளிலும் அடிவயிறு வலிக்கிறதா? எத்தனை மாதமாக? கணவரோடு இருக்கும்போது வலிக்கிறதா? சிறுநீரோ மலமோ போகும்போது வலிக்கிறதா? 30 வயதுக்குக் குறைந்தவர்களிடம், கல்யாணம் ஆகாதவர்களிடமும், வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கப் போகிற கிராமச் சுகாதாரச் செவிலியர் இதில் பொருத்தமானதைக் கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்கு மாதம் எத்தனை நாள் போகவில்லை என்ற ஒரு கேள்வியே பாதி சொல்லிவிடும்.

‘ஆம்’ என்றவர்களை அனுப்ப மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு மதியம், ஒரு அறை. மகப்பேறு மருத்துவர், அறுவை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மனநல ஆலோசகர் நால்வரும் அந்த வளாகத்தில் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு வெவ்வேறு கட்டடங்களில் இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்தவரின் கையை நீட்டி மடக்கச் சொல்லிக் கொடுக்கிறவர்களில் பெண்களாக இருப்பவர்களுக்கு இடுப்புத் தசைப் பயிற்சியும் கற்றுக்கொடுத்தால், நடவு வயலை விட்டு நகர முடியாதவளுக்கும் அது போய்ச் சேரும். கர்ப்பப்பையை எடுக்கலாமா என்ற முடிவை அந்த மதிய அறைக்கு வந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன அந்த நெறிமுறைகளின்படி அமையும் மாவட்டக் கண்காணிப்புக் குழு ஒரு சுற்றறிக்கை போட்டால், தனியார் ஆஸ்பத்திரிகளும் அந்த வழியாகத்தான் வர வேண்டியிருக்கும்.